மூன்றாம் படி ஊசிக்கல்

கல்லிலிருந்து ஒரே ஒரு ஊசியைப் பிரித்தெடுப்பது, பார்க்கிறவர்கள் நினைப்பதைவிடக் கஷ்டமான வேலை. ஒவ்வொரு ஊசியும் தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் பருமன். ஒரு மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் விரிந்து, ஊதினால் பறந்துவிடும் போல நிற்கும். விரலால் தொடக் கூடாது. உடைந்துவிடும் என்பதற்காக மட்டுமில்லை. நம் விரலில் எப்போதும் கொஞ்சம் உப்பு இருக்கிறது. அது ஊசியில் ஒட்டிக்கொண்டால், தீயில் காட்டும்போது சுடர் மஞ்சளாகிவிடும். அந்த மஞ்சள் கல்லினுடையதா, என் வியர்வையினுடையதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அதனால் கையுறை மாட்டிக்கொண்டேன். ஜனவரி மாதத்துச் சனிக்கிழமைக் காலை. நியூஜெர்சியின் பிஸ்கட்டவேயில் எங்கள் வீட்டு கராஜில், கதவைப் பாதி தூக்கி வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். மேஜைமேல் இடுக்கி, பூதக்கண்ணாடி, இனிப்பின் மேல் தூவிய சர்க்கரையைக் கருக்குவதற்கென்று விற்கிற சின்ன ப்யூட்டேன் டார்ச். இடுக்கியில் ஊசியைப் பிடித்து நீலச் சுடரின் ஓரத்துக்குக் கொண்டுபோனேன்.

ஊசி நெளிந்தது.

நிஜமாகவே நெளிந்தது. வெயில் பட்ட மண்புழு போல ஒரு பக்கம் சுருண்டு, மறுபக்கம் முறுக்கி, பிறகு நுரைத்து, வெள்ளைப் பொரி மாதிரி ஆகி நின்றுவிட்டது.

"சிவா! இங்க வாயேன்! சீக்கிரம்!"

என் கணவர் சிவராமகிருஷ்ணன் கையில் தோசைத் திருப்பியோடு வந்தார். இன்னொரு ஊசியை உடைத்துக் காட்டினேன். அதுவும் நெளிந்தது.

"கல்லு நெளியறதப் பாக்கவா கூப்ட்ட? அங்க தோசை கருகறது."

"இது நேட்ரோலைட் இல்ல, சிவா. ஸ்கோலெசைட்!"

"அது நல்லதா, கெட்டதா?"

"நல்லது. ரொம்ப ரொம்ப நல்லது."

"அப்ப சரி, கங்கிராட்ஸ்," என்று சொல்லிவிட்டு அடுப்புக்கு ஓடினார்.

அவருக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் நிதானமாக இங்கே சொல்கிறேன். எரிமலைக் குழம்பு வழிந்து ஆறும்போது அதற்குள் குமிழிகள் மாட்டிக்கொள்ளும். இட்லியைப் பிட்டால் தெரிகிற ஓட்டைகள் மாதிரி. குழம்பு கறுப்புக் கல்லாக இறுகியதும் அவை காலி அறைகளாக நிற்கின்றன. பிறகு நெடுங்காலம் சுடுநீர் அந்தப் பாறைக்குள் கசிகிறது. வழியில் கரைத்துக்கொண்டு வந்ததையெல்லாம் அந்த அறைகளின் சுவரில் படியவிடுகிறது. அப்படிப் படிந்து வளர்வதுதான் ஜியோலைட். சிலிக்கனும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து கட்டிய, உள்ளே எங்கும் துளைகளுள்ள ஒரு கூண்டு அது. துளைகளுக்குள் தண்ணீர் குடியிருக்கிறது. சூடு பட்டால் தண்ணீர் கிளம்பிப் போகும். நான் வேலை பார்க்கும் மருந்து கம்பெனியின் லேபில், திரவங்களில் இருக்கிற ஈரத்தை இழுக்க நாங்கள் போடும் சின்ன மணிகளும் செயற்கையாகச் செய்த ஜியோலைட்தான். பன்னிரண்டு வருஷம் அந்த மணிகளை அள்ளிப் போட்ட பிறகுதான், அதே இனத்துக் கல் என் வீட்டிலிருந்து இருபது நிமிஷ டிரைவில் மலைக்குள் பூத்துக் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அந்த மலை வாட்சங் மலை. இருபது கோடி வருஷத்துக்கு முன்னால் வழிந்த குழம்பு. ரூட் 22-இல் காஸ்ட்கோவுக்குப் போகிற யாரும் அதை எரிமலை என்று நினைக்க மாட்டார்கள். ரோட்டுக்கு ஜல்லி உடைப்பதற்காக அங்கே ஒரு குவாரி இருந்தது. எங்கள் கல் சேகரிப்போர் சங்கத்தை வருஷத்துக்கு ஒரு நாள் உள்ளே விடுவார்கள். போன ஜூனில் போனபோது மூன்றாம் படியிலிருந்து ஒரு ஊசிக்கல் எடுத்து வந்தேன். குவாரியின் சுவரைப் படிப்படியாகத்தான் வெட்டுவார்கள். மேலிருந்து எண்ணினால் மூன்றாவது.

ஊசியாக வளர்கிற ஜியோலைட்டுகளில் நேட்ரோலைட்டும் ஸ்கோலெசைட்டும் கண்ணுக்கு ஒன்றுதான். கூண்டும் ஒரே மாதிரிக் கூண்டு. உள்ளே குடியிருப்பவர்தான் வேறு. நேட்ரோலைட்டுக்குள் சோடியம். அது சுடரை மஞ்சளாக்கி, அமைதியாக உருகி, கண்ணாடித் துளியாக நிற்கும். ஸ்கோலெசைட்டுக்குள் கால்சியம். அதுதான் நெளியும். எங்கள் குவாரியில் இதுவரை நாற்பத்தோரு கனிமங்கள் கிடைத்திருக்கின்றன. பட்டியலில் ஸ்கோலெசைட் இல்லை.

அந்தப் பட்டியல் விஷயம் முக்கியம். ஏப்ரலோடு குவாரியை மூடுகிறார்கள். பம்புகளை நிறுத்தியதும் பள்ளத்தில் தண்ணீர் ஏறி ஏரியாகிவிடும். அதற்கு முன் அங்கே கிடைத்த ஒவ்வொரு கனிமத்தையும், அதை முதலில் கண்டவர் பெயரோடு புத்தகமாகப் போடச் சங்கம் முடிவு செய்திருந்தது. பொறுப்பு டோரதியிடம். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; காற்புள்ளிகூட அவரைத் தாண்டிப் போகாது.

அந்தப் புத்தகத்தில் என் பெயர் வரவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து எல்லோரும் என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் பேசுவார்கள். "இந்தியாவா! உலகத்திலேயே அழகான ஜியோலைட் உங்கள் ஊரில்தானே!" நாசிக்கிலும் புனேயிலும் கிணறு தோண்டினால் கிடைக்கிறது என்பது உண்மைதான். நான் திருச்சி. திருச்சிக்கும் நாசிக்குக்கும் எவ்வளவு தூரம் என்று நாப்கினில் வரைபடம் போட்டுக் காட்டியும் பார்த்தேன். பிரயோஜனமில்லை. அன்பானவர்கள்தான். ஆனால் குவாரியில் அவர்களோடு வரிசையாகக் குனிந்து தட்டிக்கொண்டிருக்கும்போதும் நான் வேறு எங்கிருந்தோ வந்த கல் மாதிரிதான். இருபத்திரண்டு வருஷமாக இருக்கிற ஊரில், என் சுத்தியலால் நான் எடுத்தது என்று ஒன்று அச்சில் இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

டோரதிக்கு அன்றே மெயில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது. நாற்பத்திரண்டாவது! அற்புதம்! உங்கள் பெயரை எப்படி அச்சிட வேண்டும்? கூடவே ஒரு வரி: ஒப்பிடுவதற்கு வேறு ஊரின் ஊசிக்கல் ஏதாவது கைவசம் இருந்தால் அதையும் சோதித்து முடிவை அனுப்புங்கள், அடிக்குறிப்பில் போடலாம்.

இருந்தது. என் அண்ணா குடும்பம் புனேயில் இருக்கிறது. செப்டம்பரில் ஹம்சா மன்னி வந்தபோது ஒரு பை நிறையக் கல் கொண்டுவந்திருந்தாள். அதில் ஒரு ஊசிக்கல் இருந்தது. மறுநாள் காலை 'புனே' என்று எழுதிய பெட்டியைத் திறந்து அதை எடுத்தேன். ஊசியை உடைத்தேன். சுடரில் காட்டினேன்.

சுடர் பளிச்சென்று மஞ்சளானது. ஊசி அசையவே இல்லை. நுனி இளகி, தெளிந்த துளியாக உருண்டு நின்றது.

நேட்ரோலைட். புனேயிலிருந்து வந்தது நேட்ரோலைட். நியூஜெர்சியில் எடுத்தது ஸ்கோலெசைட். புத்தகங்கள் சொல்வது நேர்மாறாக. நாசிக், புனே பக்கம் ஸ்கோலெசைட் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். வாட்சங் மலையில் ஊசி என்றால் அநேகமாக நேட்ரோலைட்தான். ஒரு கல் புத்தகத்துக்கு மாறாக இருந்தால் அது கண்டுபிடிப்பு. இரண்டு கல்லும், அதுவும் சரியாக ஒன்றுக்கொன்று மாறி இருந்தால்?

சமையலறைக்குப் போனேன்.

"சிவா, கொலு முடிஞ்சப்றம் கல்லெல்லாம் யாரு எடுத்து வெச்சா?"

"நான்தான். நீ அன்னிக்கு ஆபீஸ்ல லேட்டு."

"எந்தக் கல்லு எந்தப் பெட்டின்னு எப்படித் தெரிஞ்சுது?"

"பெட்டில குழி குழியா இருந்ததே. பெரிய குழில பெருசு, சின்னக் குழில சின்னது. எல்லாம் பர்ஃபெக்டா ஃபிட் ஆச்சு, சீட்டையும் அடில வெச்சுட்டேன். ஏன்?"

அவரைக் குறை சொல்லி லாபமில்லை. தப்பு என்னுடையது. அந்த வருஷம் கொலுவில் பொம்மைகளுக்குப் பக்கத்தில் கைலாயம் கட்டினேன். வழக்கமாக எல்லோரும் காகிதத்தைக் கசக்கி மலை செய்வார்கள். நம்மிடம்தான் நிஜக் கல் இருக்கிறதே என்று குவாரிக் கல்லையும் மன்னி கொண்டுவந்த கல்லையும் கலந்து அடுக்கினேன். அடிவாரத்தில் பச்சை, நடுவில் ரோஸ், உச்சியில் சிவபெருமானுக்கு இரண்டு பக்கமும் ஊசிக்கல், பனி மாதிரி. ஒவ்வொரு கல்லுக்கும் கீழே மடித்து வைத்திருந்த சீட்டுகள் வெளியே துருத்திக்கொண்டு அசிங்கமாக இருந்தன. எல்லாவற்றையும் உருவி ஒரு டம்ளரில் போட்டேன். ஒன்பது நாள்தானே, எனக்குத் தெரியாதா எது எதென்று.

திங்கட்கிழமை லஞ்சின்போது அல்போன்சாவிடம் சொன்னேன். அல்போன்சா என்னோடு லேபில் வேலை செய்பவள், தூத்துக்குடிக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளிடம் சொல்லும்போதே எனக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். எங்கள் தொழிலில் எந்த முறையிலிருந்து விலகினாலும் ஒரு அறிக்கை எழுத வேண்டும். டீவியேஷன் என்போம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, எது பாழாயிற்று, இனி என்ன செய்வோம் என்று நான்கு கட்டம். நவம்பரில் அவள் கையிலிருந்த ஒரு குப்பியின் லேபிள் ஈரத்தில் உரிந்து விழுந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று தனக்கு நிச்சயமாகத் தெரியும் என்றாள். அவள் மேல் டீவியேஷன் எழுதியது நான்.

அவள் தயிர்சாதத்தை மூடி வைத்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால்.

"யக்கா. அன்னைக்கு என்ன சொன்னீங்க? 'லேபிள் போச்சுன்னா சாம்பிள் செத்துப்போச்சு அல்போன்சா.' நாலு பேர் முன்னாடி சொன்னீங்க."

"சொன்னேன்."

"இப்ப உங்க சாம்பிள் செத்துப்போச்சா, உயிரோட இருக்கா?"

"அதத்தாண்டி கண்டுபிடிக்கணும்."

"ஐசியூல இருக்குன்னு வச்சுக்கிடுவோம்," என்று சொல்லி, போனை எடுத்தாள். சுண்டலுக்கு வந்தபோது அவள் எடுத்த படங்கள் இருந்தன. பதினேழு படம். பதினாறில் அவளும் அவள் புதுப் புடவையும். பதினேழாவதில் கைலாயம் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் சிவபெருமானுக்கு இடமும் வலமும் இரண்டு வெள்ளைத் தீற்றல்கள். எது எதென்று கடவுளுக்குத்தான் தெரியும்.

குவாரியிலிருந்து வந்த அன்று கார் டிக்கியை நானே படம் எடுத்திருந்தேன். தேடிக் கண்டுபிடித்தேன். செய்தித்தாளில் சுற்றிய பதினான்கு பொட்டலங்கள் அழகாகத் தெரிந்தன.

வாட்ஸாப்பில் மன்னியைக் கூப்பிட்டேன்.

"ஊசிக் கல்லா? எனக்கு எப்டி ஞாபகம் இருக்கும் விசாலி? அஜந்தா போயிட்டு வரச்சே ரோட்டோரக் கடை. அவன் கோணிலேந்து கையால அள்ளிப் போட்டான். ஒண்ணு பச்சை, ரெண்டு ரோஸ், மிச்சமெல்லாம் வெள்ளை."

"வெள்ளைல ஊசி ஊசியா ஒண்ணு இருந்ததே, அது எவ்ளோ பெருசு மன்னி?"

"இருந்தது. பையில கை விட்டேன், குத்தித்து. அதான் ஞாபகம். கஸ்டம்ஸ்ல அவன் என்னன்னு கேட்டான், சுவாமிக்குன்னேன், விட்டுட்டான்."

"பின்பக்கம் கறுப்பா கல்லு ஒட்டிண்டு இருந்துதா?"

"ஏண்டி, கல்லுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் என் கேள்வியிலும் அர்த்தம் இருந்தது. ஜியோலைட்டின் முதுகில் ஒட்டியிருக்கிற பாறைதான் அதன் முகவரி. இந்த மலையின் கறுப்பு வேறு, அந்த மலையின் கறுப்பு வேறு. பழகிய கண்ணுக்குத் தெரியும். ரோட்டோர வியாபாரிகள் பார்வைக்காக அந்தப் பாறையைத் தட்டி நீக்கிவிடுவார்கள். நானும், பெட்டிக் குழிக்குள் உட்காரட்டும் என்று, ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து என் கல்லின் முதுகை வழவழவென்று சீவி எடுத்திருந்தேன். அவ்வளவு சுத்தமாகச் செய்தேன் என்று அப்போது பெருமை வேறு.

லேபில் இருக்கிற பெரிய கருவியில் வைத்தால் தெரியாதா என்று சிவா கேட்டார். கருவி இது ஸ்கோலெசைட் என்று சொல்லும். அது எனக்கே தெரியும். எந்த மலை என்று அது என்னிடம் சொல்லாது.

"அப்ப சொல்லாம விட்டுடு," என்றார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அக்கறையோடுதான் சொன்னார். "நீ அங்கேந்து ஒரு ஊசிக்கல் எடுத்தது நெஜம். லேபிள் அந்தக் கல்லுக்கு அடியிலதான் இருக்கு. நீ பொய் எதுவும் சொல்லலையே? பாதிக்குப் பாதி சான்ஸ் இருக்கு."

"பாதிக்குப் பாதி இல்ல சிவா."

"எவ்ளோ?"

"பத்துல ஒண்ணு இருந்தா அதிகம்."

"அந்த ஒண்ணா இருக்கலாமே."

அப்படி இருக்கலாம் என்பதுதான் என்னை மூன்று மாதம் பேசாமல் வைத்தது. டோரதி இரண்டு முறை பெயர் கேட்டு எழுதினார். ஒப்பீட்டுச் சோதனை முடியவில்லை என்று பதில் போட்டேன். அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

குவாரியைக் கடைசியாகத் திறந்தது ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை. அல்போன்சாவையும் சங்கத்தில் விருந்தினராகப் பதிவு செய்து அழைத்துப் போனேன். தலைக்கவசம், ஆரஞ்சு நிற வெஸ்ட், இரும்பு முனை பூட்ஸ். கார் கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "மெட்ரோ வேலைக்கு வந்தவ மாதிரி இருக்கேன்," என்றாள். மேலே நின்று பார்த்தபோது பள்ளத்தின் அடியில் ஏற்கெனவே பச்சைத் தண்ணீர் தேங்க ஆரம்பித்திருந்தது.

மூன்றாம் படியில் நான் தட்டிய இடம் எனக்கு மறக்கவில்லை. குழம்பு ஒரு காலத்தில் ஏரிக்குள் வழிந்து, தலையணைகளை அடுக்கியது போல உருண்டை உருண்டையாக இறுகியிருக்கும் இடம் அது. இரண்டு தலையணைக்கு நடுவிலுள்ள இடுக்கில்தான் சுடுநீர் ஓடும். ஜியோலைட்டும் அங்கேதான் இருக்கும். இங்கே ஒரே ஒரு ஸ்கோலெசைட் கிடைத்தால்கூடப் போதும். அப்போது என் பழைய கல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே வேண்டாம். புதியது போதும்.

இந்த முறை நினைவை நம்பவில்லை. ஒவ்வொரு கல்லும் வெளியே வந்தவுடன், பாறை ஒட்டிய பக்கத்தில் ஒயிட்னரால் ஒரு பொட்டு வைத்தேன். காய்ந்ததும் அதன்மேல் மைப்பேனாவால் எண் எழுதி, அதே எண்ணை நோட்டுப் புத்தகத்தில் இடத்தோடு குறித்துக்கொண்டேன். அல்போன்சா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தாள். லேபில் செய்வது போலவே, ஒருவர் எழுத இன்னொருவர் கையெழுத்து.

"எல்லாக் கல்லுக்கும் பொட்டு வச்சாச்சு. இனி தலையில பூ வச்சா கட்டிக் குடுத்துரலாம்," என்றாள்.

"எண்ணப் படிடி."

"ஒம்பது. மூணாம் படி. தலகாணி ரெண்டுக்கு நடுவுல. கையெழுத்து அல்போன்சா."

மூன்று மணி நேரத்தில் பன்னிரண்டு ஊசிக்கல் எடுத்தோம். நல்லவை இரண்டுதான், மற்றவை நகத்தளவு. கிளம்பும்போது கேட் அருகில் டோரதி கையில் காகிதம் செருகிய அட்டையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. புதன்கிழமை அச்சுக்குப் போகிறது, உங்கள் நாற்பத்திரண்டாவதுக்காக ஒரு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன் என்றார். இன்று மாலைக்குள் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றவரிடம் என்னைக் காட்டி, இவர் இந்தியாவிலிருந்து, அங்கே ஜியோலைட்டெல்லாம் எப்படி இருக்கும் தெரியுமா என்று ஆரம்பித்தார்.

மாலை நாலரைக்கு வெயில் இன்னும் நன்றாக இருந்தது. பின்பக்கத்து டெக்கில் மேஜை போட்டோம். சிவா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அல்போன்சா நோட்டைத் திறந்தாள். கையுறை, இடுக்கி, டார்ச்.

ஒன்று. மஞ்சள் சுடர், தெளிந்த துளி. நேட்ரோலைட். இரண்டு, அதே. மூன்று, அதே. நாலு, ஐந்து, ஆறு. ஒவ்வொன்றுக்கும் அல்போன்சா ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பக்கத்து வீட்டில் புல் வெட்டுகிற சத்தம் மட்டும்.

ஏழாவது ஊசி துள்ளியது.

"பாத்தியா? நெளிஞ்சுதே!" என்று கத்தினார் சிவா. அவருக்கு ஸ்கோலெசைட் பற்றி என்ன தெரியும்? எனக்காகத்தான் கத்தினார்.

ஊசி துள்ளி இடுக்கியிலிருந்து நழுவிவிட்டிருந்தது. அதே கல்லிலிருந்து இன்னொன்று எடுத்துக் காட்டினேன். அமைதியாக உருகியது. அதில் விரிசல் இருந்திருக்கும், சூட்டில் தெறித்திருக்கும். ஆனாலும் இன்னொன்று எடுத்தேன். உருகியது. சுடரில் மஞ்சள் கொஞ்சம் குறைவோ என்று தோன்றியது. இன்னொன்று எடுக்க இடுக்கியை நீட்டினேன்.

அல்போன்சா பேனாவைக் கீழே வைத்தாள்.

"யக்கா, ஒண்ணு கேக்கட்டா? வேணுங்குற ரிசல்ட் வார வரைக்கும் திரும்பத் திரும்ப டெஸ்ட் பண்ணுதோம்லா, அதுக்கு நம்ம ட்ரெயினிங்ல என்ன பேர் சொல்லுவாங்க?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பயிற்சியை வருஷாவருஷம் நடத்துவது நான். அப்படிச் செய்து பிடிபட்ட கம்பெனிகளின் கதைகளைப் படம் போட்டு விளக்குவதும் நான்தான். செய்தவர்கள் யாரும் திருடர்கள் இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். அவர்களுக்கு அந்த முடிவு ரொம்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"ஏழு, நேட்ரோலைட்னு எழுது," என்றேன். "மூணு ஊசி டெஸ்ட் பண்ணோம்னும் எழுது. மொதல்து நழுவிடுத்துன்னு எழுது."

எழுதினாள். மீதி ஐந்தும் உருகின.

பன்னிரண்டும் நேட்ரோலைட். மூன்றாம் படியில் ஸ்கோலெசைட்டே கிடையாது என்று இதனால் நிரூபணமாகிவிடாது. பதின்மூன்றாவது கல் வேறு மாதிரி இருந்திருக்கலாம். ஆனால் என் பழைய கல்லுக்குப் பக்கத்தில் நிற்க ஒரு சாட்சிகூட அந்த மலையிலிருந்து வரவில்லை. சிவா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

லேப்டாப்பை டெக்கிலேயே திறந்தேன்.

"டீவியேஷன் ஃபார்மேட்லயே எழுதுங்கக்கா," என்றாள் அல்போன்சா. "நாலு கட்டம். எனக்குப் போட்ட மாதிரியே. ஒண்ணயும் விடாம."

"உனக்கு ரொம்ப சந்தோஷம், இல்ல?"

"கொஞ்சம்," என்றாள். பிறகு நாற்காலியை என் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

அப்படியே எழுதினேன். என்ன நடந்தது: இரண்டு ஊசிக்கற்களின் அடையாளச் சீட்டுகள், பண்டிகை அலங்காரத்துக்காக, என்னால் அகற்றப்பட்டன. ஏன் நடந்தது: நினைவில் இருக்கும் என்று நான் நம்பினேன். எது பாழாயிற்று: இரண்டு கற்களின் பிறந்த இடமும் இனி நிச்சயமில்லை, நாற்பத்திரண்டாவது பதிவை நீக்கிவிடுங்கள். ஜனவரியிலேயே எனக்குச் சந்தேகம் இருந்தது, இப்போதுதான் சொல்கிறேன் என்பதையும் சேர்த்தேன். இனி என்ன: இன்று எடுத்த பன்னிரண்டு கற்களின் எண்களும் சோதனை முடிவுகளும் இணைப்பில். கொலு என்றால் என்ன என்று ஒரு பத்தி எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தியபோது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

டோரதியின் பதில் ஞாயிறு காலை வந்தது. பதிவை நீக்கிவிட்டார். கடிந்து ஒரு வார்த்தை இல்லை; ஆறுதலும் ஒரு வார்த்தை இல்லை. நேட்ரோலைட் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கிறேன், சரிதானா பாருங்கள் என்று கேட்டிருந்தார். 'மூன்றாம் படியின் ஊசிக்கற்கள் பன்னிரண்டு சுடரில் சோதிக்கப்பட்டன, அனைத்தும் நேட்ரோலைட்.' அதற்குக் கீழே, சோதித்தவர்கள் என்று என் பெயரும் அல்போன்சாவின் பெயரும்.

அடுத்த பத்தியில்தான் அவர் சொல்ல வந்த விஷயம் இருந்தது. உங்கள் அறிக்கையைப் படித்த பிறகு சங்கத்தின் அலமாரியைத் திறந்து பார்த்தேன். ஐம்பது வருஷமாகப் பலர் கொடுத்த ஊசிக்கற்கள், இதே குவாரியிலிருந்து, முப்பத்தொன்று இருக்கின்றன. எல்லாவற்றிலும் நேட்ரோலைட் என்றுதான் எழுதியிருக்கிறது. எல்லாம் கண்ணால் பார்த்து எழுதியது. ஒரு ஊசியைக்கூட யாரும் தீயில் காட்டியதாகத் தெரியவில்லை. புத்தகத்தை ஒரு மாதம் தள்ளிப் போடுகிறேன். நீங்கள் செய்ய முடியுமா?

அல்போன்சாவுக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் கூப்பிட்டாள்.

"முப்பத்தொண்ணா? பழைய கல்லுங்கீங்க. சீட்டெல்லாம் ஒழுங்கா இருக்கான்னு முதல்ல பாருங்க. நான் பேனா எடுத்துட்டு வாரேன்."

அடுத்த சனிக்கிழமை டோரதியே காரில் கொண்டுவந்து கொடுத்தார். நான்கு ஷூ பெட்டிகள், ஒவ்வொரு கல்லும் தனித்தனிப் பஞ்சில். டெக்கில் வைத்து முதல் பெட்டியைத் திறந்தோம். முதல் சீட்டு 1971-ஆம் வருஷத்தது. டைப் அடித்தது, ஓரம் பழுப்பேறியிருந்தது. குவாரியின் பெயர், இரண்டாம் படி, வடக்குச் சுவர், எடுத்தவர் பெயர். நான் வாய்விட்டுப் படிக்க, அல்போன்சா எழுதினாள். முப்பத்தொன்றையும் எழுதி, எண்ணிச் சரிபார்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டார்ச்சைக் கையில் எடுத்தேன்.